சீர்வரிசையில் ஒரு கம்ப்யூட்டர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். எட்டிப் பார்த்தால் - அருளப்பன் அண்ணன். கையில் பை நிறைய மாம்பழம். வாயெல்லாம் பல்.

"தம்பி, நிர்மலாவுக்கு மாப்ள அமைஞ்சிருச்சுங்க! ஆவணியில கல்யாணம்!"

"ரொம்ப சந்தோஷம்ணே. உட்காருங்க."

"உக்காரதுக்கெல்லாம் நேரமில்லீங்க. உங்களக் கூட்டிக்கிட்டுப் பெங்களூர் போவணும். நிர்மலாவும் அக்கா மாதிரியே கம்ப்யூட்டருதான் வேணுங்கறா. மூத்தவளுக்கு எடுத்தமே... அதே மாதிரி, நல்லா பெருசா, கலரா ஒண்ணு எடுத்துரலாம்."

காபியோடு வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

அதே மாதிரியா? அய்யோ அண்ணே...

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். அருளப்பன் அண்ணனுக்குக் கம்பைநல்லூர் பக்கம். கொஞ்சம் நிலம், கொஞ்சம் மாந்தோப்பு, பெரிய அளவில் புளி வியாபாரம். நான் கல்யாணமான புதிதில் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். அவருக்கு இரண்டு பெண்கள் - ஜெயமேரி, நிர்மலா. இரண்டு பேருக்கும் நான் சித்தப்பா. நான் இந்து, அவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதெல்லாம் எங்களுக்குள் கிறிஸ்துமஸ் பலகாரம் வரும்போதும் பொங்கல் கரும்பு போகும்போதும்தான் ஞாபகம் வரும்.

அண்ணன் புளி வாங்குகிற அழகே தனி. மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினால் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்கை வரை உள்ளே விடுவார். அடியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, பிசைந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "மேலாப்புல எவனும் நல்ல புளியத்தான் வெப்பான் தம்பி" என்பார். மேலே பொன்னிறமாகவும் உள்ளே கொட்டையும் கோதுமாகவும் இருக்கிற மூட்டையை அவரிடம் தள்ளிவிட இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது.

அப்படிப்பட்ட மனிதர்தான்... சரி, வருகிறேன்.

ஜெயமேரி கணக்கில் பி.எஸ்ஸி. முடித்தாள். பிறகு பெங்களூரில் அத்தை வீட்டில் தங்கி ஒரு வருடம் கம்ப்யூட்டர் படித்தாள். படித்த கையோடு அங்கேயே ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. லைப்ரரிகளில் மர டிராயருக்குள் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கிறார்களே, புத்தகப் பெயர், ஆசிரியர் பெயர் எழுதி... அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, அகர வரிசையில் அடுக்கித் தருகிற வேலை. அலுப்பான வேலை என்று நமக்குத் தோன்றும். அவளுக்கு அதில் உயிர். ஒரே ஆசிரியர் பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தால் மூக்கில் வேர்த்துவிடும் அவளுக்கு.

கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மொரப்பூரில் உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல பையன், நல்ல குடும்பம். பெங்களூர் வேலையை விடத்தானே வேண்டும்? கம்பெனிக்காரர் ஒரு வழி சொன்னார். "அம்மா, உன் வீட்டிலேயே ஒரு மெஷின் இருந்தால் அட்டைக் கட்டுகளை அனுப்பி வைக்கிறேன். வேலையை முடித்து ஃப்ளாப்பியில் அனுப்பு. ஆனால் ஹார்ட் டிஸ்க் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் புரோகிராம் ஓடாது."

மொரப்பூரில்தான் ரயில் நிற்கிறதே! கட்டு போவதற்கும் வருவதற்கும் என்ன கஷ்டம்?

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அவள் அப்பாவிடம் சொன்னதை அண்ணன் எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினார். "அப்பா, எனக்கு ஆரம் வேணாம். பீரோ வேணாம், ஃப்ரிட்ஜ் வேணாம். அதுக்கெல்லாம் பதிலா ஒரே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுங்க. அத வெச்சு நான் பாத்துக்கறேன்."

கல்யாணப் பெண் ஆரம் வேண்டாம் என்கிறாள்! அவள் அம்மா ஒரு மூச்சு அழுதார்கள். அண்ணன் மட்டும் என்னைத் தேடி வந்தார். "தம்பி, எனக்குப் புளி தெரியும். இந்தப் பொட்டி தெரியாது. நீங்கதான் கூட வரணும்."

எனக்கு வேறென்ன வேலை? நான் வேலை பார்க்கும் ஆலை ஆபீசில் முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். எண்பத்தேழு கோடையில் நாங்கள் மூன்று பேரும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் இறங்கினோம்.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மொத்தக் கதையிலும் சந்தோஷமான நாள் அது ஒன்றுதான் என்பதும் கூடவே ஞாபகம் வந்து தொலைக்கிறது.

முழு கம்ப்யூட்டராக வாங்கினால் விலை மலை. தனித்தனியாகப் பொறுக்கி எடுத்து மாட்டச் சொன்னால் பாதி மலை. கடைக்குக் கடை ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கடைக்காரனும் ஒவ்வொரு பாட்டு. "சார், டர்போ பட்டன் பாருங்க, அமுக்கினா பறக்கும்" என்பான் ஒருவன். "கீபோர்டு தட்டிப் பாருங்க, வெண்ணெய்" என்பான் இன்னொருவன். அண்ணன் பெங்களூருக்கே புளி ஏற்றுகிறவர். அவர்களுக்குக் கன்னடத்திலேயே பதில் சொல்லி வாயை அடைத்தார்.

ஜெயமேரியோ பேச்சை வாங்கிக்கொள்ளவே இல்லை. கைப்பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுப்பாள். அதில் அவளுடைய கம்பெனி புரோகிராமும் ஒரு கட்டு அட்டைகளும் இருந்தன. "இத ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, கடைக்காரன் பதில் சொல்வதற்குள் மெஷினில் சொருகிவிடுவாள். அடுக்கும் வேலையை ஆரம்பித்து வைத்துவிட்டு எங்களைக் காபி குடித்துவிட்டு வரச் சொல்வாள். காபி குடித்துத் திரும்பும்போதும் அது உறுமிக்கொண்டே இருந்தால் - அடுத்த கடை! எந்தப் பத்திரிகையிலும், எந்த நிபுணரும் சொல்லாத பரீட்சை. தன் வேலையை வைத்தே மெஷினை அளக்கிறாள். இதைவிட நல்ல அளவுகோல் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

எங்களுக்குக் காபி குடித்துக் குடித்து வயிறு புளித்துப்போனது. கடைசியாக ஒரு சந்துக்குள் இருந்த கடை. நாங்கள் டம்ளரை வாங்கி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே ஜெயமேரி வாசலுக்கு வந்து கையாட்டினாள். முடிந்துவிட்டது. அடுக்கிவிட்டது.

"இதுல ஹார்ட் டிஸ்க் இருக்குது சித்தப்பா. ராமும் முழுசா இருக்குது. அதான்."

கடைக்காரர் மூடியைக் கழற்றிக் காட்டினார். பெரிய பச்சை போர்டு. அதில் வரிசையாகக் கரப்பான்பூச்சி மாதிரி காலூன்றி நிற்கும் சிப்புகள். அண்ணன் குனிந்து பார்த்தார். "இதுதான் ராமா? இம்மாத்துண்டு பூச்சிக்கா இவ்வளவு வெல?" என்றார். ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொடுத்தோம். செங்கல் கனம். அதைத் தூக்கிப் பார்த்ததும் கொஞ்சம் சமாதானம் ஆனார்.

நம் ஊர்க் கரண்ட்டைப் பற்றி நான் சொன்னேன். கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தால் ட்யூப் லைட் கண் சிமிட்டுகிற ஊர். அதனால் பவர் சப்ளையும் ஸ்டெபிலைசரும் உசத்தியாகவே இருக்கட்டும் என்றேன். அவள் தலையாட்டினாள். உள்ளே போகிற எல்லாமே முதல் தரம். மிச்சம் இருந்த பணத்தில் மானிட்டர். சின்னது. கறுப்புத் திரையில் மஞ்சளாக எழுத்து தெரியும். கலர் கிடையாது.

"எழுத்துதானே அடிக்கப் போறேன்? இதுல கண்ணு வலிக்காது. கலர்ல எழுத்து நூல் நூலாத் தெரியும்" என்றாள். நூற்றுக்கு நூறு சரி. அட்வான்ஸ் கொடுத்தோம். எல்லாவற்றையும் பூட்டி, சில நாள் ஓட்டிப் பார்த்து வைக்கச் சொன்னோம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வேன் வைத்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜெயமேரி தூங்கவே இல்லை. எந்தெந்த லைப்ரரியிலிருந்து கட்டு வரப்போகிறது என்று பேசிக்கொண்டே வந்தாள்.

இனிமேல்தான் கஷ்டம்.

வேன் எடுத்துக்கொண்டு போகும்போது நான் போகவில்லை. ஆபீசில் லீவு இல்லை. அண்ணனோடு அவருடைய மச்சான் சூசை போனார். அங்கே நடந்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. சூசை நல்ல மனிதர்தான். ஆனால் தாய்மாமன்! பெண்ணின் சீருக்கு அவர்தானே பொறுப்பு? கடையில் மெஷினைப் பார்த்ததும் அவருக்குப் பகீரென்றிருக்கிறது.

"என்னா மாமா இது? இத்தினியூண்டு கறுப்பு டிவி! மண்டபத்துல அம்மாம் பேரு பாக்க இதையா வெக்கிறது? ஆரம் போடல, பீரோ இல்ல. இருக்கறது இது ஒண்ணு. இதுவும் கறுப்பா இருந்தா மாப்ள வூட்டுக்காரங்க நம்ம புள்ளய என்னா நெனப்பாங்க?"

உங்களுக்குத் தெரியாததில்லை. எங்கள் பக்கத்தில் சீர் என்பது கொடுப்பதற்கு மட்டும் அல்ல, பரப்பி வைப்பதற்கும்தான். மண்டபத்தில் ஓர் ஓரமாக வரிசை கட்டி வைப்பார்கள். சாப்பாட்டுப் பந்திக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்று, கண்ணாலேயே எடை போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். எல்லாச் சாதியிலும், எல்லா மதத்திலும் இந்த விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

அண்ணன் யோசித்திருக்கிறார். கடைக்காரர் வழி சொல்லியிருக்கிறார். பெரிய கலர் மானிட்டர் ஒன்று இருக்கிறது. அதற்கு ஈடாக ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிடலாம். ராம் சிப்பிலும் பாதிக்கு மேல் பிடுங்கிவிடலாம். ஃப்ளாப்பியிலேயே மெஷின் ஓடும். "பின்னாடி எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம் சார்."

"உள்ள இருக்கறத யாருங்க பாக்கப் போறாங்க?" என்றாராம் சூசை.

முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கிற மனிதர், சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஏமாந்து அல்ல. கஞ்சத்தனத்தாலும் அல்ல. பெண் தலைகுனியக் கூடாது என்றுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் ஒரு வார்த்தை திட்டிவிட்டாவது நிம்மதியாக இருக்கலாமே!

கல்யாணத்தன்று மண்டபத்தில் நான் அதைப் பார்த்தேன். பட்டுத்துணி விரித்த மேஜை மேல் பெரிய கலர் மானிட்டர். அதில் ஒரு சிவப்பு ரோஜாப்பூ படம். சுற்றிலும் கூட்டம். அண்ணன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்திலேயே நின்றார். அவர் மேலும் கொஞ்சம் செலவழித்துக் கலருக்கு மாறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். சர்ச் சாமியார் வந்து சீர் சாமான்களை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார். நான் பாய்ந்து போய், "சாமி சாமி, அந்த மேஜைக்கு மட்டும் கொஞ்சம் கம்மியா!" என்றேன். ஒரே சிரிப்பு. ஜெயமேரியும் மேடையில் இருந்து சிரித்தாள். அதுவரை அவளுக்கும் விஷயம் தெரியாது.

அப்புறம் ஏழெட்டு மாதம் இருக்கும். சேலம் போக மொரப்பூரில் ரயிலுக்குக் காத்திருந்தேன். வண்டி லேட். சரி, ஜெயமேரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். ஹாலில் நடுநாயகமாகக் கம்ப்யூட்டர். மேலே பூ வேலை செய்த வெல்வெட் உறை.

"போட்டுக் காட்டு பாப்போம்" என்றேன். அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு உறையை மடித்து வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டாள்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். போட்டவுடன் அது தன்னிடம் இருக்கிற ராமைத் தானே எண்ணிக் காட்டும். திரையின் மூலையில் எண்கள் ஓடும். நாங்கள் கடையில் பார்த்தபோது அறுநூற்று நாற்பது வரை ஓடி நின்றது. இங்கே இருநூற்று ஐம்பத்தாறில் நின்றுவிட்டது. நான் இன்னும் ஓடும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஓடவில்லை. ஹார்ட் டிஸ்க் சுற்றுகிற அந்த உய்ங் சத்தமும் இல்லை. ஃப்ளாப்பியைப் போடு என்று கேட்டது.

"என்னம்மா இது?"

"கலர் நல்லா இருக்குதுல்ல சித்தப்பா?" என்றாள்.

மறுவீட்டு விருந்து முடிந்த வாரமே அவளுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. முதல் கட்டு அட்டைகள் வந்திருக்கின்றன. ஃப்ளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டு முயற்சி செய்து பார்த்திருக்கிறாள். பாதியில் நின்று நின்று போயிருக்கிறது. கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கம்பெனிக்காரர் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு, ஓசூரில் வேறொரு பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு டிஸ்க்கை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே? உன் வீட்டுக்காரர் மாட்டேன் என்றா சொல்வார்?"

"சொல்ல மாட்டாரு. கேட்டா வாங்கிக் குடுத்துருவாரு. ஆனா எதுக்குன்னு அத்த கேப்பாங்களே? பொறந்த வூட்டு சீர்ல கொறன்னு நானே வாயத் தொறந்து சொல்லவா? கல்யாணத்துல அப்பா எப்பிடி நின்னாரு, நீங்களும் பாத்தீங்கல்ல?"

ஸ்விட்சை அணைத்துவிட்டு, உறையை மறுபடி எடுத்து மூடினாள்.

"அப்பாகிட்ட சொல்லிராதீங்க சித்தப்பா. வர்றப்ப எல்லாம் 'நல்லா ஓடுதா கண்ணு'ன்னு கேப்பாரு. 'நல்லா ஓடுதுப்பா'ன்னு சொல்லுவேன். அவரு மொகம் அப்பிடியே மலந்துரும். அது போதும் எனக்கு."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஆனால் அது போதுமா? அந்த ரயிலில் சேலம் போய்ச் சேரும் வரை எனக்கு அந்த எண்கள் நின்ற இடம்தான் கண்ணில் நின்றது. நம் ஊரில் பெண் பிள்ளைகளுக்குப் பாசத்தில் குறை வைப்பதே இல்லை. தங்கமாகக் கொடுக்கிறோம், பாத்திரமாகக் கொடுக்கிறோம், கலராகக் கொடுக்கிறோம். அவள் கேட்டது எது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

இப்போது புரிகிறதா, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஏன் பேப்பருக்குள் தலையை விட்டேன் என்று? வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்ல முடியாது. சொல்லாமல் இன்னொரு ரோஜாப்பூவை வாங்க இவரோடு பெங்களூர் போகவும் முடியாது. கடைசியில் ஒன்று தோன்றியது.

"அண்ணே, ஜெயமேரி இரண்டு வருஷமா வெச்சிருக்காளே. எதெது போடணும்னு அவளையே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்."

"அட, ஆமாங்க! அவள வுட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் பெருமையாக.

அடுத்த நாளே மொரப்பூர் போனோம். "வாங்க சம்மந்தி, வாங்க" என்று ஜெயமேரியின் மாமியார் வரவேற்றார்கள். அண்ணனின் கண் நேராகக் கம்ப்யூட்டருக்குத்தான் போனது. அதே வெல்வெட் உறை. அதன் மேல் குழந்தையின் ஞானஸ்நான போட்டோ.

"நீங்க குடுத்த சீர எப்பிடி வெச்சிருக்கோம் பாருங்க. ஒரு கீறல் உண்டா? கொழந்தயக்கூட கிட்ட வுடறதில்ல. விருந்தாளி வந்தா மட்டும் உறையை எடுத்துக் காட்டுவோம்" என்றார்கள் அந்த அம்மா. சத்தியமாக நல்ல மனதோடுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனார்கள்.

ஜெயமேரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அண்ணன் விஷயத்தைச் சொன்னார். "தங்கச்சிக்கு என்னென்ன போடணும், சொல்லு கண்ணு."

அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"எப்பப்பா வாங்கப் போறீங்க?"

"கல்யாணத்துக்கு முந்துன வாரம். அப்பத்தான புதுசா இருக்கும்?"

"வேணாம்பா. இந்த வாரமே வாங்குங்க. வாங்கி அவ ரூமுல வெச்சு, இன்னைலருந்தே வேல செய்யச் சொல்லுங்க. கீபோர்டுல எழுத்து அழியட்டும்."

அண்ணன் பதறிவிட்டார். "பழசாப் போயிருமே கண்ணு! பழச எப்பிடி சீருல வெக்கறது?"

"வெக்காதீங்கப்பா" என்றாள். "சீருல வெச்சா அது ஹாலுக்கு வந்துரும். பழசா இருந்தா அவ துணிமணியோட சேந்து அவ ரூமுக்குப் போவும். அது அவளோடது. அதுக்கு யாரும் உறை தெச்சுப் போட மாட்டாங்க."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். குழந்தை அவள் செயினைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் அவளைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார்.

"அப்ப... நீ இதுல வேல செய்யறதில்லயா?"

அவள் குழந்தையின் கையிலிருந்து செயினை விடுவித்தாள்.

"அந்தக் கனமான டிஸ்க்கு... அத எடுத்ததாலயா கண்ணு?"

"அது இல்லாம அவங்க வேல ஓடாதுப்பா. நீங்க எனக்காகத்தான செஞ்சீங்க? வருத்தப்படாதீங்க" என்றாள்.  அதற்குள் மாமியார் காபித் தட்டோடு வந்துவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் காபி ரொம்ப நன்றாக இருக்கிறது என்றோம்.

பஸ் ஸ்டாண்டு வரை அண்ணன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"தம்பி, இப்ப அந்த டிஸ்க்க வாங்கிப் போட முடியாதுங்களா?"

"போடலாம்ணே. மூடியைக் கழற்றித்தான் போடணும். உங்க சம்மந்தி எதுக்குன்னு கேட்பாங்க."

"கேக்கட்டுங்க. நாந்தாங்க கொறச்சேன்னு சொல்லிடறேன். எனக்கென்னா வெக்கம்?"

நான் அவரையே பார்த்தேன். மண்டபத்தில் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு நின்ற அதே மனிதர்.

"அப்ப அந்த வேல அவளுக்குத் திரும்பக் கெடச்சிருமா?"

ஓசூர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கம்பைநல்லூர் வரை துடைத்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைத் திறந்து விட்டேன்.

அந்த வாரமே பெங்களூர் போனோம். நிர்மலா டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறவள். அவளுடைய வேலையையே ஃப்ளாப்பியில் எடுத்துவரச் சொல்லி, கடை கடையாக ஓட்டிப் பார்த்தோம். ராம் முழுசாக. ஹார்ட் டிஸ்க் போன தடவை பார்த்ததைவிடப் பெரிசாக. மானிட்டர் சின்னது, கறுப்பு. சூசையும் வந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. மெஷினைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ஜெயமேரிக்கென்று அண்ணன் தனியாக ஒரு டிஸ்க் வாங்கினார். நான் தடுக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு அவர் மட்டும் மொரப்பூர் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "வேணாம்பா, இப்ப எதுக்கு? உங்கள யாரும் ஒரு வார்த்த சொல்லிறக் கூடாது" என்று அவள் வாங்க மறுத்துவிட்டாளாம். அந்தச் செங்கல் இப்போது அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். "பேர மாத்திக்கிட்டு எழுதுங்க தம்பி. பொண்ணு வெச்சிருக்கறவங்க நாலு பேரு படிக்கட்டும்" என்றார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நிர்மலா தன் அறையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசற்படியில் நின்று, "நல்லா அடி கண்ணு, சீக்கிரம் பழசாவட்டும்" என்றார்.

மொரப்பூரில் இருப்பது இன்னும் புத்தம் புதிதாகவே இருக்கிறது.